‘ஸ்டமினா’ எங்கே இருக்கிறது? முதல் நெடுந்தூர ஓட்டத்துக்குத் தயாராகிறவர்களுக்கு

சித்திரை பிறந்தால் விளையாட்டு விழா வைக்காத ஊர் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குறைவு. வழுக்கு மரம், கயிறிழுத்தல், முட்டி உடைத்தல் எல்லாவற்றுக்கும் முன்னால், வெள்ளன ஆறு மணிக்கே மரதன் ஓட்டம் தொடங்கிவிடும். சிறுவயதிலிருந்து நான் பார்த்து வருகிற காட்சி இது: கோயிலடியில் விசில் ஊதியதும் முப்பது நாற்பது பொடியன்கள் நூறு மீற்றர் ஓட்டம் போலப் பாய்கிறார்கள். முதல் சந்தி வரைக்கும் புழுதி பறக்கிறது. இரண்டாவது கிலோமீற்றரில் பாதிப் பேர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவன் வேலி ஓரமாகக் குந்தி வாந்தி எடுக்கிறான். சைக்கிளில் பின்னால் வந்த கூட்டாளி அவன் தலையில் தண்ணீர் ஊற்றுகிறான். பார்த்து நிற்கிறவர்கள் சொல்லும் தீர்ப்பும் வருசா வருசம் ஒன்றுதான்: “பொடியனுக்கு ஸ்டமினா காணாது.”

அந்தப் பொடியன் அடுத்த வருசம் என்ன செய்கிறான்? போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஸ்டமினா ஏற்ற வேண்டும் என்று தினமும் உயிரைக் கொடுத்து ஓடுகிறான். பச்சை முட்டை குடிக்கிறான். ஐந்தாம் நாள் முழங்காலுக்குக் கீழே எலும்பு நோகத் தொடங்குகிறது. அத்தோடு ஓட்டம் நமக்குச் சரிவராது என்று விட்டுவிடுகிறான். நல்ல ஓட்டக்காரர்களாக வந்திருக்க வேண்டிய எத்தனையோ பேரை இப்படி இழந்திருக்கிறோம். அது எனக்கு உண்மையாகவே மனவருத்தம். ஸ்டமினா என்று எதைச் சொல்கிறோம், அது உடம்பில் எங்கே இருக்கிறது, எப்படி வளர்கிறது என்று யாராவது ஒருமுறை விளங்கப்படுத்தியிருந்தால் அவர்களில் பலர் இன்றும் ஓடிக்கொண்டிருப்பார்கள்.

## எந்தத் தூரம்?

நம் ஊரில் வீதியில் ஓடினால் எல்லாமே மரதன்தான். ஐந்து கிலோமீற்றரும் மரதன், எட்டும் மரதன். உண்மையான மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர். 1908 இல் லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921 இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். மட்டக்களப்பு நகரத்தில் தொடங்கிக் கல்முனை வரைக்கும் ஓடுவது கிட்டத்தட்ட அந்த அளவு. அதில் பாதி, 21 கிலோமீற்றர் சொச்சம், அரை மரதன்.

முதல் போட்டிக்கு 10 கிலோமீற்றரை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. நகரத்திலிருந்து காத்தான்குடிக்குப் போய்த் திரும்பி வருகிற அளவு. ஓடியே பழகாத ஒருவர் நான்கு மாதத்தில் அதற்குத் தயாராகலாம். கீழே சொல்லப்போகும் விசயங்கள் எந்தத் தூரத்துக்கும் பொருந்தும்.

## குளம் நிறைந்தால் போதுமா?

ஸ்டமினா என்றதும் நாம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறோம். மூச்சு காணாது, நுரையீரல் பலம் இல்லை என்கிறோம். ஆனால் நோய் இல்லாத ஒருவரின் நுரையீரல், அவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும், இரத்தத்தில் ஒட்சிசனைக் கிட்டத்தட்ட முழுமையாக ஏற்றித்தான் அனுப்புகிறது. வேலி ஓரம் குந்தியிருந்த அந்தப் பொடியனின் நுரையீரலும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அவனுக்கு மூச்சு வாங்கியதற்கு முக்கிய காரணம், உடம்பில் சேர்ந்துபோன காபனீரொட்சைட்டை, அதாவது நாம் வெளியே விடும் கழிவுக் காற்றை, அவசரமாக வெளியேற்ற வேண்டியிருந்தது.

அப்போ குறை எங்கே? இங்கினியாகலைக்குப் போவோம். கல்லோயாத் திட்டத்தில் கட்டிய சேனாநாயக்க சமுத்திரம் அங்கே இருக்கிறது, கடல் மாதிரி. அந்தக் குளம் நிரம்பி வழிகிற வருசத்திலும், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையோடு சண்டை பிடிக்கிறவர்கள் உண்டு. குளத்தில் தண்ணீர் இருக்கிறது. துருசு, அதாவது மதகு, திறந்துதான் இருக்கிறது. நடுவில் வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், அந்த வயலுக்குக் குளம் நிறைந்தும் பயன் இல்லை.

உடம்பும் அப்படித்தான். நுரையீரல் குளம். இதயம் துருசு, தண்ணீரைத் தள்ளிவிடும் வேலையும் அதனுடையதுதான். கால் தசைகள் வட்டை, அதாவது வயல்வெளி. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய்கள் பிரிந்து பிரிந்து, கடைசியில் தலைமயிரை விட மெல்லிய குழாய்களாகித் தசைக்குள் நுழைகின்றன. இவற்றுக்கு மயிர்த்துளைக் குழாய்கள் என்று பெயர். இவைதான் கடைசி வாய்க்கால்கள். இவை கொண்டுவரும் ஒட்சிசனைத் தசைக் கலங்களுக்குள் வாங்கிக்கொள்வதற்கு மிகச் சிறிய உறுப்புகள் இருக்கின்றன. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தது ஞாபகம் இருக்கும்: இழைமணி. சாப்பாட்டையும் ஒட்சிசனையும் சேர்த்து, தசை இயங்குவதற்கான சக்தியை உண்டாக்கும் இடம் அது. நம் கணக்கில் இழைமணிதான் பயிர். வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும், உறிஞ்சிக்கொள்ளப் பயிர் இல்லாவிட்டால் நெல் கிடைக்காது.

1967 இல் ஜோன் ஹொலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளை ஓடும் இயந்திரத்தில் சில மாதங்கள் ஓடவிட்டு, பிறகு அவற்றின் கால் தசைகளைச் சோதித்துப் பார்த்தார். இழைமணிகளின் வேலைத்திறன் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. மனிதர்களிலும் இந்த மாற்றம் நடப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் உறுதி செய்தன. ஸ்டமினா என்று நாம் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவதில் பெரும்பங்கு தொடையிலும் கெண்டைக்காலிலும் இருக்கிறது.

இதயமும் மாறுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் அளவு இரத்தத்தை அது தள்ளுகிறது. பழகாத ஒருவர் முழு வேகத்தில் ஓடும்போது அது இருபது லீற்றர் வரை போகும். பயிற்சி கூடக்கூட, ஒரு துடிப்பில் அது தள்ளும் இரத்தம் கூடுகிறது. அதனால் சும்மா இருக்கும்போது அடிக்கடி துடிக்கத் தேவை இல்லாமல் போகிறது. காலையில் படுக்கையை விட்டு எழும்பும் முன் நாடியைப் பிடித்து எண்ணிப் பழகுங்கள். 75 இல் இருந்த எண்ணிக்கை இரண்டு மூன்று மாதத்தில் 65 ஆகக் குறைந்திருந்தால், உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். காசு செலவில்லாத சோதனை இது.

## தென்னோலையும் காட்டு விறகும்

விறகு அடுப்பில் சமைத்தவர்களுக்கு இது உடனே விளங்கும். காய்ந்த தென்னோலையை வைத்தால் குப்பென்று பற்றும், பெரிய சுவாலை வரும், இரண்டு நிமிடத்தில் சாம்பல். நல்ல காட்டு விறகு பிடிக்க நேரம் எடுக்கும். பிடித்துவிட்டால் ஒரு பானைச் சோறும் இரண்டு கறியும் ஆக்கிவிடலாம்.

நம் உடம்பிலும் இரண்டு அடுப்பு இருக்கிறது. ஒட்சிசனோடு எரிப்பது ஒன்று; அதைக் காற்றுச் சுவாசம் என்பார்கள். ஒட்சிசன் இல்லாமல் அவசரத்துக்கு எரிப்பது மற்றது; அது காற்றின்றிய சுவாசம். ஒரே அளவு குளுக்கோசிலிருந்து முதலாவது அடுப்பு எடுக்கும் சக்தி, இரண்டாவது எடுப்பதைப் போல ஏறத்தாழ 15 மடங்கு. நாய் துரத்தும்போது பாய்வதற்கு இரண்டாவது அடுப்பு வேண்டும். ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்துக்கே சக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் முதலாவது அடுப்பிலிருந்துதான் வருகிறது. பத்துக்கு இன்னும் கூட.

விறகிலும் இரண்டு வகை உண்டு. நாம் சாப்பிடும் சோறு, புட்டு, இடியப்பத்தில் உள்ள மாச்சத்தை உடம்பு தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிறது. அந்தச் சேமிப்புக்குக் கிளைக்கோசன் என்று பெயர். அது மொத்தமாக 2,000 கலோரி அளவுதான் இருக்கும். ஓடும்போது ஒரு கிலோமீற்றருக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கலோரி அளவு செலவாகும். 60 கிலோ நிறையுள்ளவருக்கு முழு மரதன் 2,500 கலோரி. கணக்கு இடிக்கிறது அல்லவா? முப்பது கிலோமீற்றர் தாண்டியதும் பலர் திடீரென்று கால் மரத்துப்போய் நிற்பதற்குக் காரணம் இதுதான். இன்னொரு விறகு கொழுப்பு. ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரி இருக்கிறது. மெலிந்த ஆளிடமும் சில கிலோ இருக்கும். ஆனால் கொழுப்பு காற்றுச் சுவாசத்தில்தான் எரியும், அதுவும் மெதுவாக. வேகமாக ஓடினால் உடம்பு கிளைக்கோசனைத்தான் அள்ளி எரிக்கும். மெதுவாக நீண்ட நேரம் ஓடிப் பழகிய உடம்பு, கொழுப்பை எரிக்கவும் பழகிக்கொள்கிறது.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் எடுத்துவிட வேண்டும். வேகமாக ஓடும்போது சேரும் இலற்றிக் அமிலம்தான் மறுநாள் கால் நோவுக்குக் காரணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். விளையாட்டு ஆசிரியர்களும் சொல்கிறார்கள். அப்படிச் சேர்வது ஓட்டம் முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். அதைவிட, உடம்பு அதைக் கழிவாக ஒதுக்குவதில்லை; இதயமும் மற்றத் தசைகளும் அதையே எடுத்து எரிக்கின்றன. மறுநாள் நோவு, பழகாத வேலையால் தசை நார்களில் ஏற்படும் மிகச் சிறிய கிழிசல்களால் வருவது. உருவித் தேய்த்து ‘அமிலத்தை எடுக்க’ வேண்டிய அவசியம் இல்லை. சில நாளில் தானாக ஆறும்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்ப்போம். நெடுந்தூர ஓட்டத்துக்கு வேண்டியது இரத்தத்தைத் தள்ளும் இதயம், அதைக் கொண்டுசேர்க்கும் சிறு குழாய்கள், அதைப் பயன்படுத்தும் இழைமணிகள். மூன்றும் பயிற்சியால் வளர்பவை. அடுத்த கேள்வி, எப்படிப்பட்ட பயிற்சி என்பது.

## மெதுவாக. அதைவிட மெதுவாக.

கல்லடிப் பழைய பாலத்தில் விடியற்காலையில் ஓட வருகிறவர்களில் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். வெளிறிப்போன காற்சட்டை, தோளில் ஒரு துவாய். நான் ஓடத் தொடங்கிய காலத்தில் பாலத்தில் அவரைத் தாண்டிப் போவேன். பாலமீன்மடுப் பக்கம் திரும்புவதற்குள் அவர் என்னைத் தாண்டிப் போவார். ஒருநாள் என் பக்கத்தில் வந்து, வேகத்தைக் குறைக்காமலே கேட்டார்: “நேற்று ராத்திரி என்ன சாப்பிட்ட மனே?”

“புட்டு…” என்றேன். அடுத்த சொல் வரவில்லை.

“என்ன கறியோட?”

கையைத்தான் காட்டினேன்.

“கறி என்ன என்று சொல்ல ஏலாத வேகத்தில ஓடினா உடம்பு படிக்காது. புட்டு, வாளைமீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல் என்று முழுசாச் சொல்லி முடிக்கிற மாதிரி ஓடு.”

அவர் சொன்னது விஞ்ஞானிகள் ‘பேச்சுச் சோதனை’ என்று சொல்வதைத்தான். முழு வசனங்களாகக் கதைக்க முடிந்தால், நீங்கள் காற்றுச் சுவாசத்தின் எல்லைக்குள் இருக்கிறீர்கள். ஒற்றைச் சொல்தான் வருகிறது என்றால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஓடத் தொடங்குகிறவர்களுக்கு அந்த வேகம் கிலோமீற்றருக்கு எட்டு, ஒன்பது நிமிடமாக இருக்கலாம். சிலருக்கு அது வேக நடையாகவே இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஏன் மெதுவாக? இழைமணியும் சிறு குழாய்களும் வளர்வதற்கு, ‘இங்கே ஒட்சிசன் தொடர்ந்து தேவைப்படுகிறது’ என்ற செய்தி தசைக்கு நீண்ட நேரம் போய்க்கொண்டிருக்க வேண்டும். முழு வேகத்தில் ஐந்து நிமிடத்தில் களைத்து உட்காருகிறவருக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. மெதுவாக ஓடுகிறவருக்கு நாற்பது நிமிடம் கிடைக்கிறது. நாளை மறுநாள் திரும்ப ஓடவும் முடிகிறது. வேக ஓட்டத்துக்கும் பயன் உண்டு. ஆனால் அது பிறகு, கொஞ்சமாக.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் உடம்பிலேயே வருசக்கணக்காகச் சோதித்துப் பார்த்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார்: 800 மீற்றர் ஓடுகிறவர் ஆனாலும் சரி, மரதன் ஓடுகிறவர் ஆனாலும் சரி, முதலில் மாதக்கணக்கில் நீண்ட தூரம் ஓடி அடித்தளம் போட வேண்டும். கிழமைக்கு 160 கிலோமீற்றர். எல்லாரும் அதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். 1960 இல் ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் அவருடைய மாணவர்கள் இரண்டு பேர் தங்கம் எடுத்தார்கள்: பீட்டர் ஸ்னெல் 800 மீற்றரில், மரே ஹால்பேர்க் 5,000 மீற்றரில். பிற்காலத்தில் நோர்வேயில் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் உலகத் தரத்து வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இலேசான வேகத்தில்தான் இருந்தது. உலக வீரர்களே அப்படி என்றால், நேற்றுத்தான் சப்பாத்துக் கட்டிய நாம் தினமும் முழு வேகத்தில் ஓடுவதில் என்ன நியாயம்?

## எலும்புக்கு அவசரம் கிடையாது

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தடவை வாசியுங்கள். ஓட வருகிறவர்கள் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

பயிற்சி தொடங்கி முதல் இரண்டு கிழமைக்குள்ளேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயத்துக்கு வேலை இலேசாகிறது. ஆறு எட்டுக் கிழமையில் இழைமணிகள் பெருகிவிடுகின்றன. ஓடுகிறவருக்கு உற்சாகம் தாங்காது. மூச்சு வாங்கவில்லை, இன்னும் இரண்டு கிலோமீற்றர் போகலாம் என்று தோன்றும். ஆனால் தசைநாண்களும் எலும்புகளும் பலப்பட மாதக்கணக்கில் எடுக்கும். பழைய தோணிக்குப் பெரிய எஞ்சின் பூட்டியது போல. எஞ்சின் இழுக்கும், பலகை பிளக்கும்.

எலும்பில் நடப்பது இன்னும் நுட்பமானது. வீதி திருத்துகிறவர்கள் பழைய தாரைக் கிளறி எடுத்த பிறகுதான் காபட் போடுகிறார்கள் அல்லவா? எலும்பும் அப்படித்தான் தன்னைத் திருத்துகிறது. ஓட்டத்தின் அழுத்தம் கிடைத்ததும் பழைய எலும்பைக் கொஞ்சம் கரைத்து எடுக்கிறது; பிறகுதான் புதியதைப் படிய வைக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் தூரத்தைத் திடீரென்று கூட்டினால் எலும்பில் நுண்ணிய வெடிப்பு விழும். ஓடும்போது ஒவ்வொரு அடியும் உடல் நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரத்தைக் காலில் இறக்குகிறது. மெதுவாக ஓடுகிறவர் ஐந்து கிலோமீற்றருக்கு ஆறாயிரம் அடிக்கு மேல் வைப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் நோவைப் பிரித்தறியப் பழக வேண்டும். தசை முழுக்கப் பரவலாக, இரண்டு காலிலும், சில நாளில் குறையும் நோவுக்குப் பயப்படத் தேவையில்லை. எலும்பில் ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய, ஓட ஓடக் கூடும் நோவு வந்தால் அன்றே நிறுத்துங்கள். ஒரு கிழமை ஓய்வெடுத்தும் போகாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். ஓய்வு நாள் வீணான நாள் என்று நினைக்க வேண்டாம். ஓட்டம் உடம்பைக் கொஞ்சம் உடைக்கிறது. திருத்தும் வேலை நித்திரையிலும் ஓய்விலும்தான் நடக்கிறது.

## நான்கு மாதம் எப்படிப் போகும்?

முதலில், நெஞ்சு நோ, நீரிழிவு, பிரசர் உள்ளவர்களும் நாற்பதைத் தாண்டி இதுவரை ஓடாதவர்களும் வைத்தியரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதல் மாதம் கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி மாறி மாறி. கிழமை போகப் போக ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். இரண்டாம் மாதக் கடைசியில் நிற்காமல் அரை மணித்தியாலம் ஓட வந்துவிடும். வராவிட்டால் இன்னும் இரண்டு கிழமை எடுங்கள், யாரும் துரத்தவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து, கிழமையில் ஒருநாள் ஓட்டம் மற்ற நாட்களை விட நீளமாக இருக்கட்டும். ஞாயிறு காலை வசதி. அதை ஒவ்வொரு கிழமையும் ஒரு கிலோமீற்றருக்கு மேல் கூட்ட வேண்டாம். நான்காவது கிழமை வரும்போதெல்லாம் கொஞ்சம் குறைத்து ஓடுங்கள். ஞாயிறு ஓட்டம் எட்டு, ஒன்பது கிலோமீற்றருக்கு வந்துவிட்டால் பத்துக்கு நீங்கள் தயார். போட்டிக்கு முந்திய கிழமை பாதியாகக் குறைத்து, கால்களை ஆறவிடுங்கள். கடைசிக் கிழமையில் கூடுதலாக ஓடி ஒருவரும் பலம் பெற்றதில்லை.

சப்பாத்து விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருந்தால், குதி வழுக்காமல் இருந்தால் போதும். கடற்கரை மணலைப் பற்றி ஒரு வார்த்தை: இளகிய மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி தேவை. கெண்டைக்கால் நரம்பு பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஓரம் மணல் கெட்டிதான், ஆனால் சரிவு. ஒரே திசையில் நெடுந்தூரம் போனால் ஒரு பக்க இடுப்பு நோகும். தொடக்கத்தில் உள்ளூர் வீதிதான் நல்லது. பிரதான வீதியில் பஸ் ஓடத் தொடங்கும் முன் திரும்பிவிடுங்கள்.

பெண்களுக்கு வீதியில் ஓடுவது இன்னும் இலேசான காரியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். என் மருமகள் தொடங்கியபோது நாய்களை விட, வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும் கண்கள்தான் அவளை அதிகம் தொந்தரவு செய்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்த பிறகு அது குறைந்தது. மூன்று பேராக ஓடினால் நாயும் யோசிக்கும், ஊரும் பழகிக்கொள்ளும். முழுக்கை உடுப்போ, தலையை மூடும் துணியோ ஓட்டத்துக்குத் தடை இல்லை. துணி மெல்லியதாகவும், வெயில் ஏறும் முன் ஓட்டம் முடிவதாகவும் இருந்தால் சரி.

## கச்சானும் வியர்வையும்

நம் பக்கத்தில் ஓடுகிறவர்கள் வெயிலை விளங்கிக்கொள்ளாமல் ஓடக் கூடாது. தசை எரிக்கும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை எடுப்பது வியர்வை. ஆனால் வியர்வை வடிவதால் உடம்பு குளிராது. அது காற்றில் ஆவியாக வேண்டும். மழைக்கு முந்திய புழுக்கமான நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். உடம்பு சூடேறிக்கொண்டே போகும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நிலைமை தலைகீழ். காற்று வறண்டது, வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். சட்டை நனையாததால் தண்ணீர் இழக்கிறோம் என்பதே தெரியாது.

இரண்டிலும் இதயத்துக்கு இரட்டை வேலை. காலுக்கு அனுப்ப வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கைச் சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். நேற்று இலேசாக இருந்த வேகம் இன்று கடினமாக இருந்தால், உங்கள் ஸ்டமினா குறைந்துவிட்டது என்று மனம் உடைய வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் எடுக்கும்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்த ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் குடித்தால் போதும். நீண்ட ஓட்டத்தில், பயத்தில் லீற்றர் கணக்காக வெறும் தண்ணீர் குடிப்பது ஆபத்து. இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி மயக்கமும் வலிப்பும் வரலாம். இளநீர் நல்லது, ஆனால் வியர்வையில் போகும் உப்பு அதில் குறைவு. உப்புப் போட்ட கஞ்சியோ, கரைத்த ஜீவனியோ (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச் சீனித் தூள்) அந்த இடத்தை நிரப்பும். கூட ஓடுகிறவர் தடுமாறி, சம்பந்தம் இல்லாமல் கதைக்கத் தொடங்கினால் அது வெயில் தாக்கம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு வாகனம்.

## போட்டி நாள்

முந்திய இரவு வழக்கமான சோறோ இடியப்பமோ சாப்பிடுங்கள். புதிதாக எதையும் முயற்சிக்க வேண்டாம். ஓடுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் இரண்டு வாழைப்பழமும் பாணும் போதும். பச்சை முட்டை அந்த நேரத்தில் வயிற்றைக் குழப்புவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது.

விசில் ஊதியதும் எல்லாரும் பாய்வார்கள். பாயட்டும். முதல் இரண்டு கிலோமீற்றரை ஞாயிறு காலை வேகத்திலேயே ஓடுங்கள். கடைசி ஆளாக இருப்பது போலத் தோன்றும். 1964 இல் டோக்கியோ ஒலிம்பிக் 10,000 மீற்றரில் நம் நாட்டின் ரணதுங்க கருணானந்த, மற்ற எல்லாரும் முடித்த பிறகும் தனியாகச் சுற்றி ஓடித் தன் தூரத்தை முடித்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. ஜப்பானியப் பாடப் புத்தகத்தில்கூட அந்தக் கதை ஏறியது. அதை நினைத்துக்கொண்டு உங்கள் வேகத்தில் போங்கள்.

நான்காவது, ஐந்தாவது கிலோமீற்றரில், பாய்ந்து போனவர்கள் ஒவ்வொருவராக எதிரே தெரிவார்கள். அப்போது கொஞ்சம் வேகத்தைக் கூட்டலாம். வேலி ஓரம் ஒரு பொடியன் குந்தியிருப்பான். ஒரு கணம் நின்று தண்ணீர் கொடுங்கள். அடுத்த ஞாயிறு காலை எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று சொல்லிவிட்டு ஓடுங்கள்.